நீதிமன்றப் படியேறிய நான்கு பொம்மைகள்

கேள்வி: உளவியலர்கள் தங்கள் ஆய்வறையோடு நின்றுகொள்வதுதானே முறை? ஒரு தரப்புக்காகப் பரிந்து பேசி அரசின் கொள்கையை மாற்றப் புறப்பட்டால், ஆய்வின் நடுநிலை கெட்டுவிடாதா?
– கல்லூரி ஆசிரியை ஒருவர், தஞ்சாவூர்

பதில்: கெடக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் கருப்பினக் குழந்தைகளைத் தனியே பிரித்துவைக்கும் சட்டங்கள் வீழ்ந்த கதையில், அந்த ஆபத்தையும் அதனால் விளைந்த நன்மையையும் சேர்த்தே காணலாம்.

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கருப்பினத் தம்பதியர் இருவருமே உளவியலர்கள். 1940-களின் தொடக்கத்தில் அவர்கள், மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கருப்பினக் குழந்தைகளின் முன் நான்கு பொம்மைகளை வைத்தார்கள். இரண்டுக்குப் பழுப்புத் தோலும் கருமுடியும். இரண்டுக்கு வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியும். மற்றபடி எல்லாம் ஒரே அச்சு. விளையாட எந்தப் பொம்மை பிடிக்கிறது, எது நல்ல பொம்மை, எது பார்க்க மோசமாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். விளையாடுவதற்கு வெள்ளைப் பொம்மையை எடுத்தவர்கள் 67 விழுக்காட்டினர். பழுப்புப் பொம்மையே மோசம் என்றவர்கள் 59 விழுக்காட்டினர். ‘உன்னைப் போல் இருக்கும் பொம்மையைக் கொடு’ என்பது கடைசிக் கேள்வி. அதைக் கேட்டதும் சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையைவிட்டு ஓடிவிட்டதாகக் கென்னத் கிளார்க் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1951-இல் தென் கரோலினாவின் கிளாரண்டன் மாவட்டப் பெற்றோர் பள்ளிப் பிரிவினையை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் சாட்சியம் அளிப்பதற்காக, அவர்கள் தரப்பு வழக்கறிஞர் ராபர்ட் கார்ட்டர் கென்னத் கிளார்க்கை அழைத்தார். அவர் அதே பொம்மைகளை எடுத்துக்கொண்டு அங்கே சென்று 16 குழந்தைகளைச் சோதித்தார். அவர்களில் 11 பேர் பழுப்புப் பொம்மையே மோசம் என்றார்கள். குழந்தை விளையாட்டை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருவதா என்று சொந்தத் தரப்பு வழக்கறிஞர்களிலேயே சிலர் கேலி செய்தார்கள். ஆயினும் இந்த வழக்கும் வேறு சில வழக்குகளும் ஒன்றாக உச்ச நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, 1954 மே 17 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் பிரிவினைக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, தலைமை நீதிபதி ஏர்ல் வாரன், இப்படிப் பிரித்துவைப்பது குழந்தையின் உள்ளத்தில் தாழ்வுணர்வை ஊட்டுகிறது என்றும், அந்தக் காயம் ஒருபோதும் ஆறாமலே போகக்கூடும் என்றும் எழுதினார். தீர்ப்பின் 11-ஆம் அடிக்குறிப்பு, கிளார்க்கின் கட்டுரையை முதலில் சுட்டி, உளவியல், சமூகவியல் ஆய்வுகளை வரிசைப்படுத்துகிறது.

கேள்வி: அந்தப் பொம்மை ஆய்வே குறைபாடுடையது என்று படித்தேனே?
– வழக்கறிஞர் ஒருவர், மதுரை

பதில்: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 253 குழந்தைகளில் ஒரு பகுதியினர் பிரிவினைப் பள்ளிகள் இருந்த தென்மாநிலமான ஆர்கன்சாவைச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் இரு இனத்தாரும் சேர்ந்து படித்த மாசசூசெட்ஸைச் சேர்ந்தவர்கள். பிரிவினைப் பள்ளியே காயத்துக்குக் காரணம் என்றால், தெற்கில்தான் வெள்ளைப் பொம்மைக்கு நாட்டம் கூடியிருக்க வேண்டும். கிடைத்ததோ நேர்மாறு: வடக்கில் 72 விழுக்காடு, தெற்கில் 62. பழுப்புப் பொம்மையை மோசம் என்றவர்கள் வடக்கில் 71, தெற்கில் 49. தென் கரோலினாவுக்காக வாதாடிய ஜான் டேவிஸ் சும்மா இருப்பாரா? கிளார்க் எழுதியதை வைத்தே உச்ச நீதிமன்றத்தில் அவரை மடக்கப் பார்த்தார். தெற்கத்திக் குழந்தை தன் தாழ்நிலையை இயல்பென ஏற்றுக்கொண்டுவிட்டது, வடக்கத்திக் குழந்தை அதை எண்ணிப் போராடுகிறது என்பது கிளார்க்கின் விளக்கம். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் எண்ணிக்கை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பொருந்திவிடும் விளக்கத்தைச் சான்றாகக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

என் பார்வையில் அந்த வழக்கின் வலுவான உளவியல் ஆவணம் வேறொன்று. 1952-இல் 32 சமூக அறிவியலர்கள் கையொப்பமிட்ட கூட்டறிக்கை ஒன்று மேல்முறையீட்டு மனுவுடன் இணைக்கப்பட்டது. பிரிவினையின் விளைவை வறுமை, குடியிருப்பு, பிற பாகுபாடுகள் ஆகியவற்றின் விளைவிலிருந்து தனியே பிரித்தறிவது கடினம் என்பதை அவர்களே அதில் ஒப்புக்கொண்டார்கள். அப்படி ஒப்புக்கொண்ட பிறகுதான் தீங்கு உண்டு என்ற தங்கள் முடிவைச் சொன்னார்கள். உங்களைப் போன்ற வழக்கறிஞர்களுக்கு இது தெரியாததல்ல: தன் தரப்பின் பலவீனத்தைத் தானே சொல்லும் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் உடைப்பது எளிதன்று.

கேள்வி: உளவியலர்கள் எல்லாருமே ஒரே பக்கம்தான் நின்றார்களா? மேமி கிளார்க்கின் பெயர் ஏன் அதிகம் அடிபடுவதில்லை?
– முதுகலை மாணவி ஒருவர், கோவை

பதில்: இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. இந்த ஆய்வுகளுக்கு வித்திட்டதே, ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் மேமி 1939-இல் எழுதிய முதுகலை ஆய்வேடுதான். நீதிமன்றத்திலும் செய்தித்தாள்களிலும் கணவரின் பெயர் முன்னே வந்ததால், அவர் பின்னே தள்ளப்பட்டார். 1943-இல் அவர் கொலம்பியாவில் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு நெறியாளராக இருந்தவர், பின்னர் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராகவும் ஆன ஹென்றி காரெட். அதே காரெட் 1952-இல், உச்ச நீதிமன்றம் சேர்த்து விசாரித்த வழக்குகளில் ஒன்றான வர்ஜீனியா வழக்கில் பிரிவினைக்கு ஆதரவாகச் சாட்சிக் கூண்டில் ஏறினார். அவரை மறுத்துச் சாட்சியம் அளிக்கப் பெற்றோர் தரப்பு அழைத்தது, அவருடைய பழைய மாணவி மேமியை.