கழிவு எதிலிருந்து?

கேள்வி: நல்லூர்த் திருவிழா தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்தில் எந்த வீதியில் போனாலும் '50 வீதக் கழிவு', '70 வீதம் வரை கழிவு' என்று பதாகை தொங்குகிறது. போதாததற்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டியும் கத்துகிறார்கள். எனக்கு மகளின் கல்யாணம் வருகிறது. பிரிட்ஜ் ஒன்று 40 வீதக் கழிவு, இன்றே கடைசி நாள் என்கிறார்கள். இந்த மலிவு விற்பனையில் உண்மையிலேயே லாபம் உண்டா?
- ஒரு வாசகி, சாவகச்சேரி

பதில்: லாபம் உண்டு. யாருக்கு என்று நீங்கள் கேட்கவில்லை.

பாசையூர்ச் சந்தைக்கு விடியக் காலையில் போய்ப் பாருங்கள். மீன் ஆனை விலை, குதிரை விலை. வெயில் ஏறின பிறகு போனால் அதே ஆள் 'அண்ணை, இந்தக் கூறு மீனையும் சேர்த்து எடுங்கோ' என்று உங்கள் பைக்குள் கொட்டப் பார்ப்பார். மீன் நாளைக்குத் தாங்காது, அவருக்கு அவசரம். பதாகையும் இல்லை, வீதக் கணக்கும் இல்லை. ஆனால் அது அசல் கழிவு. ஒரு மலிவு உண்மையா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை இது ஒன்றுதான்: அந்தப் பொருள் கடைக்காரருக்குத் தலையிடியாக இருக்கிறதா?

இதை வைத்து 'ஆடித் தள்ளுபடி'யைப் பாருங்கள். எங்களுக்கு ஆடி என்றால் கூழும் கொழுக்கட்டையும். தள்ளுபடி தமிழ்நாட்டிலிருந்து வந்தது. அங்கே ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். துணிக்கடை ஈயோட்டும். தீபாவளிச் சரக்கு வருமுன் பழையதைத் தள்ள வேண்டும், அதனால் விலையைக் குறைத்தார்கள். நியாயமான காரணம். இங்கேயோ அதை ஒட்டித்தான் நல்லூர் 25 நாள் திருவிழா வருகிறது. வெளிநாட்டிலிருந்து சனம் வந்து இறங்குகிறது, கடைக்குள் நிற்க இடமில்லை. பொருள் தானாகப் போகிற நேரத்தில் ஒரு வியாபாரி ஏன் பாதி விலைக்குக் கொடுக்க வேண்டும்? நான் யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கிடைத்த ஒரே விடை, அது பாதி விலை இல்லை என்பதுதான்.

முந்தி யாழ்ப்பாணம் பெரியகடைத் தெருவில் 3,000 என்று சொன்னால் 1,800 இல் தொடங்குவோம், 2,200 இல் முடியும். சொன்ன விலை பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் யாரும் ஏமாறவில்லை. இப்போது அந்தப் பொய் விலையை அச்சடித்து ஒட்டி, சிவப்புக் கோடு போட்டு வெட்டி, பேரத்தையும் தாங்களே பேசி முடித்துவிட்டு, எங்களைக் காசு கட்டச் சொல்கிறார்கள். 'மேலதிகமாக 20 வீதம்' என்று இன்னொன்று: 50 உம் 20 உம் 70 இல்லை. மிஞ்சிய பாதியில்தான் அந்த 20. ஆக மொத்தம் 60.

நானும் கெட்டிக்காரன் இல்லை. போன வருடம் ஒரு சேட் எடுக்கப் போனேன், விலை 3,600. '2 எடுத்தால் 1 இலவசம்' என்று நின்ற பிள்ளை சொன்னது. ஒன்று 2,400 தான் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டேன். எனக்கு 42 அளவு. இரண்டு கிடைத்தது, மூன்றாவது 38 இல், மாம்பழ மஞ்சளில் மட்டும் இருந்தது. இலவசத்தை விட மனம் வருமா? 3,600 செலவழிக்கப் போனவன் 7,200 கட்டிவிட்டு, 3,600 மிச்சம் பிடித்தேன் என்று வீட்டில் வந்து சொன்னேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

சட்டம் இல்லையா என்பீர்கள். இங்கே 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. பொதியில் குறித்த விலைக்கு மேல் விற்றாலோ, பொய் சொல்லி விற்றாலோ 1977 க்கு அழைத்து முறையிடலாம். ஆனால் வெட்டிக் காட்டுகிற அந்தப் 'பழைய விலை'க்கு அந்தப் பொருள் என்றைக்காவது விற்றதா என்று யார் பார்க்கிறார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல், கழிவு என்று போட்டால் அதற்கு முந்திய 30 நாளில் விற்ற ஆகக்குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். பாரிஸ் லாச்சப்பலில் இருந்து திருவிழாவுக்கு வந்திருக்கிற உங்கள் உறவினரைக் கேட்டுப் பாருங்கள். பிரான்சில் பெரிய மலிவு விற்பனையே வருடத்தில் இரண்டு தரம், நாலு நாலு கிழமை என்று அரசு நாள் குறித்துக் கொடுக்கிறது.

எங்களுக்கு இன்னொரு கேடும் நடந்தது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்கு வந்து நின்றது. அதோடு எதற்கு என்ன விலை என்ற ஞாபகமே சனத்துக்கு அழிந்துபோனது. எந்த எண்ணை எழுதி வெட்டினாலும், இருக்கும் என்று நம்புகிறோம்.

இனி உங்கள் பிரிட்ஜ். கதவுக்குள் ஒட்டியிருக்கிற மாதிரி இலக்கத்தைக் கடதாசியில் எழுதி எடுங்கள். கழிவைக் கேட்காமல், கட்ட வேண்டிய காசு எவ்வளவு என்று மட்டும் வேறு இரண்டு கடையில் கேளுங்கள். தவணைக்கு எடுப்பதென்றால் எல்லாத் தவணையையும் கூட்டிப் பாருங்கள், பல இடத்தில் அந்தக் கழிவு அங்கேயே கரைந்துபோகும். உத்தரவாதம் எத்தனை வருடம், கொம்பிரசருக்கு மட்டுமா முழுவதுக்குமா என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். உரசுப்பட்ட காட்சிப் பொருள் அல்லது போன வருட மாதிரி என்று அவர்களே ஒத்துக்கொண்டு விலை குறைத்தால் தயங்காமல் எடுங்கள். அது அவர்களுக்குத் தலையிடி.

'இன்றே கடைசி நாள்' பற்றி: அடுத்த கிழமை அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். பதாகையைக் கழற்றியிருந்தால் எனக்கு எழுதுங்கள். மாம்பழ மஞ்சள் சேட் இன்னும் உறை பிரிக்காமல் இருக்கிறது, மாப்பிள்ளைக்கு அனுப்பி வைக்கிறேன். 38 அளவுதானே?