குளிர்காலத்தில் இயற்கை எரிவாயு விலை ஏறும் என்றால், அக்டோபரில் எம்சிஎக்ஸில் (பண்டங்களின் வரும் மாத விலையை வைத்து வாங்கி விற்கும் மும்பைச் சந்தை) வாங்கி ஜனவரியில் விற்றால் லாபம் வரவேண்டும்தானே? ஏன் பலருக்கு நஷ்டமாகிறது?

கேள்வி கேட்டவர் காட்பாடியில் மெஸ் நடத்துகிறாராம். குளிர்காலத்தில் கடை சிலிண்டர் விலை ஏறுவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார். நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் எரிபொருள் கொள்முதலைக் கவனிக்கிறேன். எம்சிஎக்ஸில் விளையாடுவதில்லை, ஆனால் தினமும் காலையில் முதலில் பார்ப்பது கேஸ் விலையைத்தான். சூளையை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது பற்றவைக்க முடியாது. விலை எதுவாக இருந்தாலும் வாங்கித்தான் ஆகவேண்டும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். எம்சிஎக்ஸ் கேஸ் விலை அமெரிக்க விலையின் பின்னால் போவது. ஜனவரியில் அமெரிக்காவில் குளிரும் என்பது நமக்கே தெரியும் என்றால், ஹூஸ்டனில் இதையே பிழைப்பாக வைத்திருப்பவனுக்குத் தெரியாதா? அந்தக் குளிருக்கான விலை அக்டோபரிலேயே ஜனவரி கான்ட்ராக்டில், அதாவது ஜனவரி கேஸுக்கு முன்கூட்டியே பேசும் விலையில், ஏறி உட்கார்ந்துவிடும். அதற்கு மேலும் குளிர்ந்தால்தான் வாங்கியவருக்குக் காசு. எதிர்பார்த்த அளவே குளிர்ந்தால் விலை இருந்த இடத்திலேயே கிடக்கும். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்துவிட்டால் போச்சு.

இதில் சார்ட் செய்யும் ஒரு ஏமாற்று உண்டு. எம்சிஎக்ஸ் கான்ட்ராக்ட் மாதத்துக்கு ஒன்று. ஒரு பேச்சுக்கு அக்டோபர் கான்ட்ராக்ட் 270 ரூபாய், நவம்பர் 295, டிசம்பர் 330 என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் 270-க்கு வாங்குகிறீர்கள். மாதக் கடைசியில் அது 270-லேயே முடிகிறது. அதை விட்டுவிட்டு நவம்பருக்கு மாறும்போது 295 கொடுக்கிறீர்கள். மறுநாள் சார்ட்டைத் திறந்தால் விலை 270-லிருந்து 295-க்குத் தாவியது போலக் கோடு மேலே போயிருக்கும். அந்த 25 ரூபாய் யார் கைக்கும் வரவில்லை, வேறு மாதத்தின் விலையை ஒட்டவைத்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். பழைய சார்ட்டைப் பார்த்து, வருஷா வருஷம் குளிர்காலத்தில் ஏறுகிறது என்று முடிவுகட்டுபவர்களில் பாதிப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

எம்சிஎக்ஸ் விலைக்கும் நம் நாட்டு எரிவாயுவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்கள் கூடும் ஹென்றி ஹப் என்ற இடத்தின் விலையை ரூபாயில் காட்டுவது. முடிவில் கேஸ் எதுவும் கை மாறாது, கணக்கு பணமாகவே தீரும்.

சரி, அங்கே விலையை எது அசைக்கிறது? கையிருப்பு. காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும், பிறகு மாதக்கணக்கில் மதகு வழியாக எடுத்துக்கொண்டே இருப்பார்கள். எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த போகத்துக்கு நாற்று விடுவது. அமெரிக்காவில் பருவம் மட்டும் வேறு. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை, தீர்ந்துபோன பழைய எண்ணெய், எரிவாயு வயல்களிலும் உப்புக் குகைகளிலும் நிலத்துக்கடியில் கேஸை ஏற்றி வைக்கிறார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை எடுக்கிறார்கள். அக்டோபர் முடிவில் 3,500-லிருந்து 3,900 பில்லியன் கன அடி வரை இருப்பது வழக்கம். அந்த எண் ஐந்தாண்டுச் சராசரிக்கு மேலே இருந்தால், சும்மா ஒரு வாரக் குளிருக்கெல்லாம் சந்தை அசராது. கீழே இருந்தால் வானிலை அறிக்கையில் ஒரு வரி மாறினாலே விலை துள்ளும்.

இந்தக் கையிருப்பு எண்ணை அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் வியாழக்கிழமைதோறும் வெளியிடும். அவர்கள் ஊர் நேரம் காலை 10.30. நமக்குக் கோடையில் இரவு 8 மணி, அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு குளிர்காலத்தில் 9 மணி. எம்சிஎக்ஸில் விலை சொல்வது ஒரு எம்எம்பிடியுவுக்கு (பத்து லட்சம் பிடியு, வெப்பத்தை அளக்கும் அலகு). ஒரு லாட், அதாவது ஒரு தடவை வாங்கும் அளவு, 1,250 எம்எம்பிடியு என்பதால் ஒரு ரூபாய் அசைந்தால் 1,250 ரூபாய். எண் வெளியாகும் அந்த நிமிடத்தில் விலை எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்று சொல்லவே முடியாது. ஸ்டாப்லாஸ், அதாவது விலை இவ்வளவு இறங்கினால் தானாக விற்றுவிடு என்ற உத்தரவு, போட்டிருந்தாலும் நீங்கள் போட்ட விலையிலேயே வெளியே வருவீர்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நிறையப் பேர் எண்ணைப் பார்த்தே குழம்பிப்போவார்கள்: 150 பில்லியன் கன அடி எடுத்திருக்கிறார்கள், இவ்வளவு எடுத்தும் ஏன் விலை இறங்குகிறது? சந்தை 165 எதிர்பார்த்திருக்கும், வேறென்ன.

குளிரை அவர்கள் அளக்கும் விதமும் தெரிந்துகொள்ளவேண்டியது. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 65 பாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 18.3 செல்சியஸுக்கு, எத்தனை டிகிரி கீழே போகிறதோ அத்தனை புள்ளி. சராசரி 35 பாரன்ஹீட் என்றால் அன்றைக்கு 30 புள்ளி. மார்கழி விடியலில் சத்துவாச்சாரியில் மப்ளர் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போகும் அந்தக் குளிரில்தான் அவர்கள் எண்ணவே ஆரம்பிக்கிறார்கள். பகல் வெயிலையும் சேர்த்துச் சராசரி போட்டால் நம் வேலூருக்குப் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். சிகாகோ, நியூயார்க் பக்கம் இந்தப் புள்ளிகள் கூடும் என்று வானிலை மாதிரிகள் காட்டினால் ஏறுகிறது, குறையும் என்று காட்டினால் இறங்குகிறது. மாதிரிகள் ஒரு நாளில் பலமுறை மாறும். ஞாயிறு முழுக்க மாறிக்கொண்டிருந்துவிட்டு திங்கட்கிழமை சந்தை திறக்கும்போது பெரிய இடைவெளியோடு திறப்பது இதனால்தான்.

உதாரணம் கேட்டால் 2018-ஐச் சொல்வேன். ஜனவரி முதல் வாரத்தில் கையிருப்பிலிருந்து 359 பில்லியன் கன அடி எடுத்தார்கள். அதுவரை ஒரே வாரத்தில் அவ்வளவு எடுத்ததே இல்லை. அதைப் பார்த்து வாங்கியவர்களுக்கு என்ன ஆனது? பிப்ரவரி நடுவில் விலை எம்எம்பிடியுவுக்கு 2.60 டாலருக்குப் பக்கத்தில் கிடந்தது. குளிர் விலகியது, ஷேல் பாறையிலிருந்து எடுக்கும் கேஸோ கூடிக்கொண்டே இருந்தது. 2022 இன்னும் மோசம். ரஷ்யப் போரால் ஆகஸ்டில் 10 டாலரை நெருங்கியது. ஐரோப்பா குளிரில் உறையப்போகிறது என்று எல்லா டிவியிலும் செய்தி. குளிர்காலம் வந்தது, ஆனால் அங்கேயும் அமெரிக்காவிலும் ஜனவரி வெதுவெதுப்பாகப் போய்விட்டது. போதாததற்கு, டெக்சாஸின் ஃப்ரீபோர்ட் ஏற்றுமதி நிலையம் ஜூன் 2022 தீ விபத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததால், நாளொன்றுக்கு 2 பில்லியன் கன அடி கேஸ் வெளியே போக வழியில்லாமல் உள்நாட்டிலேயே தேங்கியது. 2023 பிப்ரவரியில் விலை 2 டாலரை ஒட்டி வந்துவிட்டது. உலகமே குளிரைப் பற்றிப் பேசிய வருஷத்தில், நடுக் குளிர்காலத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு விலை.

குளிர் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தாலும் எல்லாருக்கும் கிடைத்துவிடாது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் எரிவாயுக் கிணற்று வாயே உறைந்துபோனது. தேவை உச்சத்தில் இருக்கும்போது வரத்து அறுந்தது. ஓக்லஹோமாவில் ஒரு குழாய் மையத்தில் எம்எம்பிடியு ஆயிரம் டாலரைத் தாண்டியது. ஹென்றி ஹப் ரொக்கச் சந்தையிலேயே, அதாவது உடனே கேஸ் கை மாறும் சந்தையிலேயே, பிப்ரவரி 17 அன்று 23.86 டாலர். ஆனால் எம்சிஎக்ஸ் பின்பற்றுவது ஃபியூச்சர்ஸை, அதாவது வரும் மாத கேஸுக்கான கான்ட்ராக்ட் விலையை. அது 3 டாலரை ஒட்டியே நின்றது, ஏனென்றால் அடுத்த மாதம் கிணறு உருகிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். குளிரைச் சரியாகக் கணித்து, சரியான நேரத்தில் வாங்கியும் நம் ஊர்க்காரர் கையில் பெரிதாக எதுவும் நின்றிருக்காது.

பெரிய கைகளுக்கும் இதே கதிதான். அமரந்த் என்ற அமெரிக்க நிதி நிறுவனம், 2007 மார்ச் மாத கேஸுக்கும் ஏப்ரல் மாத கேஸுக்கும் விலை வித்தியாசம் விரியும் என்று பந்தயம் கட்டியது. மார்ச் என்றால் குளிரின் வால், ஏப்ரல் என்றால் குளிர் முடிந்தது. கையிருப்பு நிறைந்திருந்தது, முந்தைய ஆண்டு கத்ரீனா மாதிரி புயலும் வரவில்லை. 2006 செப்டம்பரில், குளிர்காலம் தொடங்கும் முன்பே, சுமார் 6 பில்லியன் டாலர் காலி.

ஆசியாவில் கதை வேறு. ஜப்பானுக்கு நிலத்தடிச் சேமிப்பு பெரிதாகக் கிடையாது. மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கிய கேஸைத் தொட்டியில் வைத்திருப்பார்கள், அது சில வாரங்களுக்குத்தான் வரும். தீர்ந்தால் அமெரிக்காவிலிருந்து கப்பல் வந்துசேர மூன்று நான்கு வாரம். அதனால்தான் 2020 வசந்தத்தில் 2 டாலருக்கும் கீழே கிடந்த ஆசிய ரொக்க விலை, 2021 ஜனவரிக் குளிரில் 32 டாலரைத் தாண்டியது. எங்களைப் போன்ற தொழிற்சாலைகள் கவனிக்கவேண்டியது இந்த விலையைத்தான், ஹென்றி ஹப்பை அவ்வளவாக அல்ல. எண்ணூரில் 2019-இல் வந்த முனையத்தில் இறங்குவதும் இதே மாதிரிக் கப்பல் கேஸ்தான்.

இனி உங்கள் சிலிண்டர். அதில் இருப்பது வேறு கேஸ், புரோப்பேனும் பியூட்டேனும். அதன் சர்வதேச அளவுகோல் சவுதி அராம்கோ மாதந்தோறும் அறிவிக்கும் விலை. நாம் எரிக்கும் எல்பிஜியில் பாதிக்கு மேல் இறக்குமதி. ஆனால் குளிருக்கு அடுப்பு மூட்டும் ஜப்பானும் கொரியாவும் வட சீனாவும் அதே கப்பல்களுக்குத்தான் போட்டி போடுகின்றன, அதனால் டிசம்பரை ஒட்டி ஏறுவது வழக்கம். 2013 டிசம்பரில் சவுதி விலை புரோப்பேனுக்கு டன்னுக்கு 1,100 டாலர். அடுத்த ஜனவரி 1 அன்று மானியமில்லாத வீட்டு சிலிண்டர் ஒரே அடியில் 220 ரூபாய் ஏறி டெல்லியில் 1,241 ரூபாய் ஆனது. வீட்டு சிலிண்டருக்கு அரசு இடையில் நின்று தாங்கிப்பிடிக்கும். உங்கள் 19 கிலோ சிலிண்டருக்கு அந்தச் சலுகை இல்லை, முந்தைய மாத உலக விலையும் டாலர் மதிப்பும் 1-ஆம் தேதி உங்கள் கல்லாவில் தெரிந்துவிடும்.

குழாய் கேஸுக்கு மாறலாமா என்று யோசித்தால், ஒப்பிட ஒரு கணக்கு: ஒரு எம்எம்பிடியு வெப்பத்துக்கு ஏறக்குறைய 21 கிலோ எல்பிஜி வேண்டும். அதாவது உங்கள் ஒரு சிலிண்டர் 0.9 எம்எம்பிடியு. சிலிண்டர் விலையை 0.9-ஆல் வகுத்து, குழாய்க்காரர் ஒரு எம்எம்பிடியுவுக்குச் சொல்லும் விலையோடு வைத்துப் பாருங்கள். வீடுகளுக்கும் வண்டிகளுக்கும் உள்நாட்டு கேஸில் முன்னுரிமை உண்டு. 2023 ஏப்ரலில் கொண்டுவந்த முறைப்படி அதன் விலை கச்சா எண்ணெயில் 10 சதவீதம், அதற்கு ஒரு உச்சவரம்பும் உண்டு. கடைகளுக்கும் ஆலைகளுக்கும் இறக்குமதி கேஸின் பங்கு அதிகம், ஆகவே அந்த 32 டாலர் மாதிரி ஒரு ஜனவரி திரும்ப வந்தால் உங்களையும் தொடும். ஒப்பந்தம் போடும்போது விலை கச்சா எண்ணெயோடு கட்டியதா, ரொக்கச் சந்தையோடு கட்டியதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பேச்சுவார்த்தையை மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் விற்பவருக்கும் அவசரம் இருக்கும்.

எம்சிஎக்ஸில் இறங்கியே தீருவேன் என்றால் 250 எம்எம்பிடியு மினி லாட் இருக்கிறது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெஸ் பணத்தை மட்டும் அதில் கலக்காதீர்கள்.