துணி பத்தாது

அன்புள்ள அம்மா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து படிப்பவள். வயது 32. சென்ற ஞாயிறு, சித்தி மகளின் ரிசப்ஷனுக்கு உடை எடுக்கப் போனேன். ஐந்து கடை ஏறி இறங்கினேன். எக்ஸெல் போட்டால் இடுப்பில் நிற்கிறது. டபுள் எக்ஸெல் போட்டால் தோள் கையில் இறங்கித் தொங்குகிறது. கடைசிக் கடையில், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே விற்பனைப் பெண் “உங்க சைஸ் வராது மேடம்” என்றாள். வீட்டுக்கு வந்து அழுதேன். எந்த உடைக்குள்ளும் நான் அடங்குவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு உருவமே கெட்டுவிட்டது. நம் கோயில் சிற்பங்களில் பெண்கள் பூசின உடம்போடுதானே இருக்கிறார்கள்? இந்த ஒல்லி மோகம் நமக்கு எங்கிருந்து வந்தது? இன்ஸ்டாகிராமை விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். ரிசப்ஷனுக்கு என்ன உடுத்துவது என்றாவது சொல்லுங்கள்.

சு., கோவை

அன்புள்ள சு.,

உடம்பைப் பற்றிய கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பெரும்பாலும் பதில் போடுவதில்லை. உங்கள் கடிதம் வந்த வாரம் ஊரில் வீட்டுப் பரணைக் காலி செய்துகொண்டிருந்தோம். அப்பாவின் அளவு நோட்டு கிடைத்தது. அதனால் எழுதுகிறேன்.

சிற்பங்களை விடுங்கள். அந்தப் பெண்களின் இடையை நீங்கள் சரியாகப் பார்த்ததில்லை. அந்த இடைக்கு எந்தக் கடையிலும் சைஸ் வராது. இன்ஸ்டாகிராமை வைத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம், அதற்கு என் அனுமதி எதற்கு?

எனக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு வாக்கியத்தில். “எந்த உடைக்குள்ளும் நான் அடங்குவதில்லை.” இதில் எழுவாய் யார்? நீங்கள். குற்றவாளியும் நீங்கள். உடை வேற்றுமை உருபை மாட்டிக்கொண்டு சும்மா நிற்கிறது. ‘இந்தக் குர்தா எனக்குச் சின்னது’ என்று எழுத உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? செருப்பு கடித்தால் செருப்பைத்தானே திட்டுகிறோம்?

என் அப்பா கோவில்பட்டியில் லேடீஸ் டெய்லர். ஒரு ஜவுளிக்கடைத் திண்ணையில் ஒரு மெஷின், ஒரு மேசை. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் ஹூக் கட்டுவேன், ஹெம்மிங் செய்வேன். அப்பா யார் உடம்பிலும் டேப் வைத்து அளந்ததில்லை. அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதை மேசையில் விரித்துத்தான் அளப்பார். சுற்றளவு, உயரம், கைக்குழி, முன் கழுத்து, பின் கழுத்து. நோட்டில் பெயர் இருக்காது. ‘மேலத்தெரு டீச்சர்’, ‘பால்கார அக்கா’. அவ்வளவுதான்.

வருகிறவர்களில் எல்லா வாகும் உண்டு. எண்பது சென்டிமீட்டர் துணியோடு வருவார்கள். அப்பா அதை மடித்து, விரித்து, சாண் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “துணி பத்தாது தாயி. கால் மீட்டர் சேத்து எடுத்துட்டு வாங்க.” நாற்பது வருஷம் இதைத்தான் சொன்னார். பெரிய மனதோடு சொன்னார் என்று நினைக்காதீர்கள், தொழில் பேச்சு அது. எந்தத் தையல்காரரும் அப்படித்தான் சொல்வார். பத்தாமல் போவது துணி. இன்றைக்கு உங்களிடம் “உங்க சைஸ் வராது” என்று சொன்ன பெண்ணும் தொழில் பேச்சுதான் பேசினாள். அவளைத் திட்டாதீர்கள், பகலெல்லாம் நின்றுகொண்டிருப்பவள். ஆனால் இந்தப் பேச்சில் குறை துணியிலிருந்து கழன்று உங்கள் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது, பார்த்தீர்களா?

டபுள் எக்ஸெல் ஏன் தோளில் தொங்குகிறது என்பதற்கு வருகிறேன். ரெடிமேடுக்கு நடுத்தர அளவில் ஒரு மாதிரியை வெட்டி, ஒரே ஒரு பெண்ணுக்குப் போட்டுப் பார்த்துச் சரிசெய்வார்கள். மற்ற சைஸெல்லாம் அந்த ஒன்றிலிருந்து கணக்குப் போட்டு வரைவது. கிரேடிங் என்பார்கள். சுற்றளவு ஏற ஏற தோளும் கைக்குழியும் கூடவே ஏறும். குழந்தை பெற்றால் வயிறும் இடுப்பும் அகலும், தோள் எலும்பு அகலுமா? அகலும் என்று அந்தக் கணக்கு நம்புகிறது.

இந்தக் கணக்கின் பூர்வீகத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அமெரிக்காவில் 1939, 1940ல் சுமார் 15,000 பெண்களை ஆளுக்கு 59 அளவு எடுத்தார்கள். எடுத்தது விவசாயத் துறை! வீட்டுப் பொருளாதாரப் பிரிவு அவர்களிடம்தான் இருந்தது. கணக்கில் சேர்த்தது வெள்ளைக்காரப் பெண்களை மட்டும். அந்தக் கணக்கை வைத்து 1958ல் ஒரு சைஸ் தரம் கொண்டுவந்தார்கள். ஊருக்கு உதவவில்லை, 1983ல் அதைக் கைவிட்டார்கள்.

நடுவில் இன்னொரு கூத்து. இந்த மாதிரி அளவுகளின் சராசரியை வைத்து நார்மா என்று ஒரு பெண் சிலை செய்து, க்ளீவ்லாந்து நகரத்து அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். 1945ல் அங்கே ஒரு பத்திரிகை போட்டி வைத்தது: நார்மா போலவே உடம்புள்ள பெண் யார்? 3,864 பேர் அளவு அனுப்பினார்கள். போட்டிக்குக் கேட்ட ஒன்பது அளவும் ஒத்துப்போனவர் ஒருவர்கூட இல்லை. சராசரிக்கே ஆள் கிடைக்கவில்லை அம்மா, அழகுக்கு எங்கே போவது? ஆனாலும் பரிசைக் கொடுத்துவிட்டார்கள், கிட்டத்தட்ட ஒத்துப்போன ஒரு பெண்ணுக்கு.

நம் நாட்டிலும் ஃபேஷன் படிப்பு நடத்தும் நிஃப்ட் காரர்கள் 6 நகரங்களில் 25,000 பேரை ஸ்கேனர் வைத்து அளக்கும் வேலையை எடுத்துச் செய்தார்கள். நல்ல காரியம். ஆனால் எத்தனை பேரை அளந்தாலும் ரெடிமேடில் ஒன்று வராது, அதுதான் உள்துணி, தையலைத் தாண்டி உள்பக்கம் விட்டுவைக்கும் மிச்சத் துணி.

இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் குர்தாவைப் புரட்டிப் பாருங்கள். பக்கத் தையலுக்கு வெளியே அரை இஞ்ச் இருந்தால் அதிகம். மிச்சத்தை ஓவர்லாக் மெஷின் கத்தரித்துவிட்டது. ஆயிரக்கணக்கில் தைக்கும்போது துணி மிச்சம்தானே லாபம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருப்பூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்வார்கள். அப்பா இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் விடுவார். அதில் மூன்று தையல், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக. கொடுக்கும்போது, “மூணு தையல் போட்டிருக்கு. இறுக்கிப் பிடிச்சா ஒண்ணைப் பிரிச்சுக்கிடுங்க” என்பார். கல்யாணமாகி ஆடிக்கு வரும் பெண் ஒரு தையலைப் பிரித்திருப்பாள். பிள்ளை பெற்றால் இரண்டாவது. வயதாகி வற்றிய பிறகு, பிரித்த இடத்திலேயே திரும்பத் தையல் விழும். நோட்டில் டீச்சருக்கு 34 அடித்து 36, அதை அடித்து 40, அதையும் அடித்து 36 என்று இருக்கிறது. பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. டீச்சரின் உருவம் கெட்டதாக அந்த நோட்டுக்குத் தெரியாது.

அப்பாவைத் தெய்வமாக்குகிறேன் என்று நினைக்காதீர்கள். தீபாவளிக்குக் கொடுத்த துணி கார்த்திகைக்குத்தான் வரும். இன்னொன்றும் உண்டு. என் கல்யாணத்தின்போது நான் ஈர்க்குச்சி. அந்தக் காலத்தில் அதுதான் குற்றம். “பிள்ளை பெறத் தெம்பு இருக்குமா” என்று என் காதுபடவே பேசினார்கள். கூரைப்புடவைக்கு ஜாக்கெட் அப்பாதான் தைத்தார். மணவறையில் வேர்த்துக் கொட்டியது. பல வருஷம் கழித்து மகளுக்காக அதைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். முன்பக்கம் லைனிங் மூன்று மடிப்பு, கையிலும் இரண்டு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் துணிதான் பத்தாது. மகளுக்கு மட்டும் உடம்பு பத்தவில்லை அவருக்கு. அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். நான் கேட்கவில்லை. இந்த வாரம் நோட்டில் என் பக்கத்தைத் தேடினேன். ‘பாப்பா’ என்று இருக்கிறது, 30. அடித்தல் இல்லை.

சரி, ரிசப்ஷன். எப்போது என்று நீங்கள் எழுதவேயில்லை. இரண்டு மூன்று வாரம் இருந்தால் துணியாக எடுத்துத் தைக்கக் கொடுங்கள். தோளில் சரியாக நிற்கும் பழைய குர்தா ஒன்றை அளவுக்குக் கொண்டுபோங்கள், பிரசவத்துக்கு முந்தையதானாலும் பரவாயில்லை. இடுப்பை மட்டும் புதிதாக அளக்கட்டும். பக்கத்துக்கு ஒன்றரை இஞ்ச் உள்ளே விடச் சொல்லுங்கள். பழைய ஆளாகப் பாருங்கள். புது ஆட்கள், “ஃபினிஷிங் வராது மேடம்” என்பார்கள், விடாதீர்கள். தேதியை மட்டும் நாலு நாள் முன்னால் தள்ளிச் சொல்லிவையுங்கள்.