சிஎன்சி ரூட்டர் (கணினி கட்டுப்பாட்டில் வெட்டிச் செதுக்கும் இயந்திரம்) ஃபிரேமை வெல்டிங் செய்தால் கோணிவிடுகிறது. 100×100×6 மி.மீ. சதுரக் குழாயில் எப்படித் தடுப்பது?

முழுக்கத் தடுக்க முடியாது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கி, குழாயைத் தன் பக்கம் இழுக்கும். கிளாம்ப் போட்டு இறுக்கினாலும், கழற்றியதும் அந்த இழுப்பு தெரியும்.

குறைக்க வழி உண்டு. மூட்டுகளில் கருந்தோலை (இரும்பின் மேலுள்ள கருப்பு ஆக்சைடு படலம்) கிரைண்டரால் எடுத்துவிட்டு, எல்லா இடத்திலும் டேக் (சிறு புள்ளி வெல்டிங்) மட்டும் வையுங்கள். மூலைவிட்டம் இரண்டும் 1 மி.மீ.க்குள் ஒத்துவந்த பிறகே முழு வெல்டிங். ஒரு மூலையில் 30–40 மி.மீ. ஓட்டியதும் எதிர்மூலைக்குப் போங்கள். அவசரம்தான் பாதி ஃபிரேம்களைக் கெடுக்கிறது. கால்வனைஸ்டு குழாய் வேண்டவே வேண்டாம், துத்தநாகப் புகை காய்ச்சல் தரும்.

ஆனாலும் லீனியர் ரெயிலுக்கு (இயந்திரத்தின் நகரும் பாகம் ஓடும் தண்டவாளம்) மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மட்டம் தேவை. வெல்டிங் மட்டும் அதைத் தராது. ரெயில் வரும் இடத்தில் 12 மி.மீ. கனப் பட்டை வைத்து, வெல்டிங் முடிந்தபின் அதை மில்லிங் செய்யுங்கள் (இயந்திரத்தால் செதுக்கி மட்டமாக்குங்கள்). அதற்கு முன் சுமார் 600 டிகிரி செல்சியஸில் ஸ்ட்ரெஸ் ரிலீவ் (சூளையில் சூடாக்கி உள் இழுப்பைத் தளர்த்துவது) செய்தால் நல்லது. மூடிய குழாயில் காற்றுத் துளை கட்டாயம், இல்லாவிட்டால் சூளையில் வெடிக்கலாம்.

மில்லிங் வசதி இல்லையா? மெதுவாக இறுகும், நீர்போல் ஓடும் எபாக்சி பிசினை ரெயில் வரும் இடத்தில் ஊற்றலாம்; அது தானே மட்டமாகும். இரு ரெயில் பாத்திகளையும் குறுக்கே ஒரு வாய்க்காலால் இணைத்தால்தான் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும்.