ஆறுதல் சொல்லாத புத்தகம்

கேள்வி: சுனாமியில் என் அக்காவைப் பறிகொடுத்தோம். இன்றுவரை அவள் பெயரை எடுத்தாலே அம்மா அழுவார். நாங்களும் பேச்சை மாற்றிவிடுவோம். சோனாலி தெரணியகல எழுதிய 'வேவ்' என்ற ஆங்கில நூலைத் தோழி கொடுத்திருக்கிறாள். "ஆறுதலே இருக்காது, யோசித்துப் படி" என்கிறாள். படிக்கலாமா?
- வாசகி, காசிமேடு

பதில்: தாராளமாகப் படியுங்கள். ஆறுதல் சொல்லும் புத்தகங்கள் என்னிடம் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. எதையும் இரண்டாம் முறை எடுத்ததில்லை.

சோனாலி கொழும்பில் வளர்ந்த பொருளாதார அறிஞர். 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையின் யால கடற்கரையில் கணவர், இரண்டு மகன்கள், பெற்றோர் என ஐந்து பேரையும் இழந்தார். நூல் வந்தது 2013இல். அலையைக் கண்டு பிள்ளைகளோடு ஓடியபோது பெற்றோரின் அறைக் கதவைத் தட்ட நிற்கவில்லை என்று எழுதுகிறார். பெற்றோரின் கொழும்பு வீட்டில் டச்சுக் குடும்பம் ஒன்று வாடகைக்கு வந்ததும் ராத்திரியில் போய் மணியடித்து, தொலைபேசியில் தொல்லை கொடுத்து, அவர்களை விரட்டப் பார்த்ததையும் மறைக்கவில்லை. வேறொருவர் எழுதியிருந்தால் அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டிருப்பார். நான் ராயபுரத்துக்காரன். நம் பக்கத்துக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் செத்தவர், இருப்பவர் எல்லாருமே உத்தமர்கள். அதே தெருவில் விடிய விடிய மரண கானா பாடும்போதோ, அழுகைக்கு நடுவே நக்கலும் சிரிப்பும் கேட்கும். இந்த நூல் கானாவின் பக்கம்தான். ஆனால் சிரிப்பு குறைவு.

ஒரு குறை உண்டு. வசதியான குடும்பம் என்பதால் பணக் கவலை இதில் தலைகாட்டுவதில்லை. ஆளோடு படகும் வலையும் போய், கடன் மட்டும் மிஞ்சிய வீடுகளின் துக்கத்தை இதில் தேடாதீர்கள்.

ஆரம்பப் பக்கங்களிலேயே அலை வந்துவிடும். கடலோரத்தில் இருக்கும் நீங்கள் அவற்றை இரவில் தொட வேண்டாம். தாண்டிப் போனாலும் குற்றமில்லை. பல ஆண்டுகள் கழித்து அவர், கணவர் பிள்ளைகளோடு வாழ்ந்த லண்டன் வீட்டுக்குள் நுழையும் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். போட்டது போட்டபடி கிடக்கும் வீடு அது.

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்வதானால், மகன்களின் சேட்டைகள் வரும் இடங்களிலிருந்து தொடங்குங்கள். நடுவில் அவர் குறுக்கிட்டு, "உங்கள் அக்காவும் இப்படித்தான்" என்று ஆரம்பித்தால், சோனாலியை அப்படியே விட்டுவிட்டு அம்மா சொல்வதைக் கேளுங்கள். அழுதாலும் பேச்சை மாற்றாதீர்கள்.