டெக்சாஸில் இருக்கும் அண்ணன் கைத்துப்பாக்கிக்கு ஹாலோ பாயிண்ட் தோட்டாதான் வேண்டும் என்கிறார், ஏன்? பினாங்கு வரும்போது ஒன்று கொண்டு வரலாமா?

உங்கள் அண்ணன் சொல்வது சரிதான். பயிற்சிக்கு எல்லோரும் சுடுவது முழு உலோக உறை போட்ட தோட்டா, விலை குறைவு, ஆனால் அது உடலைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்கும் அப்பாவி மீதும் பாய்ந்துவிடும். ஹாலோ பாயிண்டின் முனையில் குழி இருக்கும், உடலுக்குள் போனதும் பூப்போல விரிந்து வேகம் இழக்கும், அதனால் பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிடும்.

விரிந்தால் மட்டும் போதாது. 1986இல் மியாமியில் எப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) அதிகாரிகளுக்கும் கொள்ளையருக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில், அதிகாரி சுட்ட ஒரு 9 மில்லிமீட்டர் தோட்டா, விரிந்தும் கொள்ளையனின் இதயத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது, அந்தச் சண்டையில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், உடல் தசைக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் ஜெலட்டின் கட்டியில் தோட்டா 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோல் வந்தது. தடித்த துணி குழியை அடைத்துவிட்டால் தோட்டா விரியாமலே போகும், குட்டித் துப்பாக்கியில் குழல் குட்டை, வேகமும் குறையும். அதோடு, எந்தத் தோட்டா வாங்கினாலும் தன் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதா என்று அண்ணன் சுட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.

அப்புறம், இங்கே கொண்டு வருவது? வேண்டவே வேண்டாம்! மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாத தோட்டாவுக்கு 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டுமே கூட. பாயான் லெப்பாஸில், அதாவது பினாங்கு விமான நிலையத்தில், இறங்கும் முன், சுடும் இடத்துக்கு எடுத்துப்போன பையையே பயணத்துக்குக் கொண்டு வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், மூலையில் ஒன்று கிடந்தாலும் சிக்கல்தான்.