விகிதம் சரி, கணக்கு வாத்தியார் எங்கே?

(பள்ளிக்கூடக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், மதுரை மாவட்ட அரசுப் பள்ளிகளில் கணக்கு டீச்சராகவும் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: என் மகள் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். ஜூன் மாதத்திலிருந்து கணக்குக்கு ஆள் இல்லை. போய்க் கேட்டால், "ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள் என்கிற விகிதம் முப்பதுக்குக் கீழேதான் இருக்கிறது, உங்கள் பள்ளியில் ஆசிரியர் குறைவே இல்லை" என்கிறார்கள். இது எப்படி?
– ஒரு தாய், சேடப்பட்டி பக்கம்

பதில்: அவர்கள் சொல்வது பொய்யில்லை தாயி. வயிற்றெரிச்சலே அதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு முதல் பத்து வரை வகுப்புக்கு ஒரு பிரிவு, மொத்தம் 200 பிள்ளைகள், 8 ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 பேருக்கு ஒருவர். கணக்கு டீச்சர் கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போய்விட்டார். மிச்சம் 7 பேர். இப்போது 28 சொச்சம் பேருக்கு ஒருவர். உயர்நிலைப் பள்ளிக்கு 2009-ல் வந்த மத்திய இடைநிலைக் கல்வித் திட்டம் வைத்த அளவு 30. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையும் (நம் மாநிலம் அதை ஏற்கவில்லை என்பது வேறு கதை) 30-க்குக் கீழே என்றுதான் சொல்கிறது. ஆக, காகிதத்தில் உங்கள் பள்ளி பாஸ். கணக்கு பீரியடில் மட்டும் விளையாட்டு சொல்லித்தரும் பி.இ.டி. சார் வந்து, "சத்தம் போடாம ஏதாவது எழுதுங்க" என்று உட்கார்ந்திருப்பார். அவர் தலையும் அந்த ஏழில் ஒன்று.

அதனால் "எத்தனை ஆசிரியர் இருக்கிறார்கள்" என்று இனிமேல் கேட்காதீர்கள். "ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் யார், அவர் என்ன படித்தவர்" என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தரவேண்டும். பாடவாரியாக அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி, இந்த ஆண்டின் கால அட்டவணை நகல். ஆள் இல்லாத பீரியடுக்கு யார் பெயரைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள் என்பது அந்த நகலில் தெரிந்துவிடும்.

இன்னொரு பிடியும் இருக்கிறது. 2009-ன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 26-ஆம் பிரிவு: அரசுப் பள்ளியில் காலியிடம் அனுமதிக்கப்பட்டதில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எட்டில் ஒன்று காலி என்றால் பன்னிரண்டரை சதவீதம். அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் உங்கள் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு இருக்கிறதே, அதைச் சொல்லிப் பிடித்துக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். இந்தக் கணக்கைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். டீ, பிஸ்கட்டோடு கூட்டத்தை முடித்து அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரைக்கும் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் கேட்கலாம். 2022-ல் பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள், பிறகு உயர்த்தினார்கள். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, உசிலம்பட்டியில் இறங்கி, அங்கே டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து வருகிற பிள்ளை அந்தச் சம்பளத்துக்கு எத்தனை மாதம் தாங்கும் என்று எனக்குச் சந்தேகம்தான். உள்ளூரில் பி.எட். முடித்த பெண் யாராவது இருந்தால் முதலில் அவரைப் பிடியுங்கள்.

கேள்வி: விகிதம் 25 என்கிறார்கள். என் மகன் வகுப்பில் 40 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் ஏமாற்றுகிறார்கள்?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. மேலே சொன்ன பள்ளியையே எடுங்கள். வாரம் 40 பீரியட், ஐந்து வகுப்பு, ஆக 200 பீரியட். 8 பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 25 பீரியட். மீதி 15 பீரியடில் அவர்கள் வகுப்பில் இல்லை. நோட்டு திருத்த வேண்டும், பாடக்குறிப்பு எழுத வேண்டும், எமிஸ் என்கிற கல்வித் துறையின் இணையப் பதிவில் விவரம் ஏற்ற வேண்டும். (கடைசி வேலைதான் மற்ற இரண்டையும் தின்கிறது என்பது ஆசிரியர் அறையில் எல்லோரும் சொல்வது.) ஆக, ஒரு நேரத்தில் எட்டுப் பேரில் ஐந்து பேர்தான் வகுப்பில். 200 பிள்ளைகளை ஐந்தால் வகுத்தால் 40. அதனால் வகுப்பில் உள்ள தலைகள் எப்போதும் விகிதத்தைவிடக் கூடத்தான் இருக்கும்.

கேள்வி: நான் பி.எட். மாணவி. யுனெஸ்கோ அட்டவணையில் தகுதி பெற்ற ஆசிரியருக்கு ஒரு விகிதம், பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு இன்னொரு விகிதம் என்று இரண்டு இருக்கின்றன. எதை எடுத்து எழுதுவது?
– நாகமலை புதுக்கோட்டை

பதில்: இரண்டையும் எழுதும்மா. படிப்புத் தகுதி உள்ளவரை ஒன்று எண்ணுகிறது. வகுப்பு நடத்தப் பயிற்சி பெற்றவரை மற்றது எண்ணுகிறது. ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில், ஆசிரியர்களைப் பற்றிய 4.சி பிரிவின் கீழ் இவை வருகின்றன. 20 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்று ஒரு நாடு மார்தட்டலாம். அவர்களில் பாதிப் பேருக்குத்தான் தகுதி என்றால், தகுதி பெற்றவர்களால் மட்டும் வகுக்கும்போது அதே நாட்டில் 40-க்கு ஒருவர் ஆகிவிடும்.

அப்புறம், தகுதி எது என்பதை அந்தந்த நாடே வைத்துக்கொள்கிறது. நம்மிடம் ஒன்பது, பத்துக்குப் பட்டத்தோடு பி.எட்.; பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலையோடு பி.எட். வேறு நாட்டில் அளவு தளர்வாக இருந்தால் அவர்கள் எண் அழகாகத் தெரியும். அதனால் இரண்டு நாட்டை ஒப்பிட்டு எழுதும்போது இரண்டின் அளவையும் அடியில் குறித்துவிடு.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள். விலங்கியல் படித்தவர் பத்தாம் வகுப்புக்கு ஒளியியலும் மின்னோட்டமும் எடுப்பது நம் பள்ளிகளில் சாதாரணம். அட்டவணையில் அவர் முழுத் தகுதி பெற்றவர். நல்ல ஆசிரியராகவும் இருப்பார். ஆனாலும் அந்தப் பாடத்தின் முந்தின நாள் ராத்திரி அவருக்குத் தூக்கம் கெடும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒரு ஆசிரியரை "உபரி" என்று சொல்லி வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். தடுக்க முடியுமா?
– ஒரு பெரியவர், அலங்காநல்லூர்

பதில்: போனவரைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம் ஐயா. ஆகஸ்ட் 1 அன்று வருகைப் பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகள் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம், அதாவது ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்கிற கணக்கு, நடக்கிறது. அதற்கு மேல் இருப்பவர் உபரி. வேனில் ஏறி வெளியூர் போகிற பிள்ளைகளில் பத்துப் பேரையாவது அடுத்த ஜூலைக்குள் உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்கப் பாருங்கள். ஆகஸ்ட் 1-க்கு அப்புறம் சேர்த்தால் அந்த வருஷக் கணக்கில் வராது.